கற்கள் ஊர் பார்த்த வருஷம்

ஊஞ்சப்பாளையத்தில் யாரிடமாவது போய் உங்கள் மகள் எந்த வருஷம் பிறந்தாள், இந்தக் கிணறு எப்போது வற்றியது என்று கேட்டால் அவர்கள் ஆங்கில வருஷத்தையும் சொல்ல மாட்டார்கள், தமிழ் வருஷத்தையும் சொல்ல மாட்டார்கள். கல்லெல்லாம் ஊர் பார்த்ததே, அதற்கு முந்தின தையில் என்பார்கள், இல்லாவிட்டால் அதற்கு அடுத்த ஆடியில் என்பார்கள், கேட்டவருக்குப் புரிந்ததா என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

அந்த வருஷம் ஆவணி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ரயில் தபாலில் கடிதம் பிரிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்திருந்த அத்தியப்பன், காப்பி குடித்த டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுத் தன் கல் பீரோவைத் திறந்தார். ஒரு டப்பியை எடுத்தார், அதை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார், பிறகு மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டு வரை இருந்த நானூற்றுப் பன்னிரண்டு டப்பிகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து முடிக்க மத்தியானமாகிவிட்டது. எல்லாக் கற்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தன.

கல் பீரோ என்றதும் பெரிய பெரிய பாறைகளை நினைத்துவிடக் கூடாது. அவர் சேர்த்ததெல்லாம் பொடிக்கல். கடுகளவு, சீரகத்தளவு, மிஞ்சிப்போனால் ஒரு துவரம்பருப்பு அளவு. ஓர் அங்குல பிளாஸ்டிக் டப்பி, அதன் நடுவே கறுப்பு மை பூசிய கார்க்குத் தண்டு, தண்டின் நுனியில் ஒரு சொட்டுப் பசை, பசையின்மேல் கல். வெறும் கண்ணுக்கு அது தூசி. ஏதோ கல்லூரியில் கழித்துவிட்ட இரட்டைக்கண் மைக்ராஸ்கோப் ஒன்று அவரிடம் இருந்தது. அதன் கீழே வைத்தால் அந்தத் தூசிக்குள் கனசதுரமும் ஊசியும் இறகுமாக, பச்சையும் ஊதாவுமாக, மனுஷன் கைபடாத ஒரு கடைவீதியே திறந்துகொள்ளும். ஒரு கல்லுக்குப் பல பக்கம் உண்டு. அதில் அழகான பக்கத்தைத் தேர்ந்து, டப்பியின் முன்பக்கம் பார்க்கும்படி ஒட்டுவதில்தான் இந்த வேலையின் சாமர்த்தியம் முழுக்க இருக்கிறது. அந்தப் பக்கத்தைத்தான் அத்தியப்பன் முகம் என்பார்.

இந்தப் பொடிக்கல்காரர்கள் உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கிறார்கள். கடிதம் எழுதிக்கொள்வார்கள், ஒரு கல்லுக்கு ஒரு கல் மாற்றிக்கொள்வார்கள், ஒருவரையொருவர் பார்க்காமலே செத்தும் போவார்கள். அவர்களுக்கென்று ஒரே ஒரு சட்டம். டப்பியின் அடியில் ஒரு சீட்டு ஒட்ட வேண்டும்: கல்லின் பெயர், எடுத்த இடம், எடுத்தவர், தேதி. பெயர் தப்பாகிப்போனால் பிறகு திருத்திக்கொள்ளலாம், கல்லே காட்டிக்கொடுத்துவிடும். இடத்தை எந்தக் கருவியும் சொல்லாது, எடுத்தவன் எழுதினால்தான் உண்டு. அதனால் இடம் தெரியாத கல் எவ்வளவு அழகாக இருந்தாலும் அவர்களுக்கு அது குப்பை. ஆளைப் பார்த்ததும் பெயரைக்கூடக் கேட்காமல் எந்த ஊர் என்று கேட்கிற நம் பக்கத்து வழக்கத்தில் வளர்ந்து, நாற்பது வருஷம் முகவரி படித்தே சம்பளம் வாங்கியவருக்கு இந்தச் சட்டம் பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை.

“நாளு முச்சூடும் உத்து உத்துப் பாத்தா அதுகளுக்கும் சலிச்சுப் போவாதுங்களா? மூஞ்சியத் திருப்பிக்கிச்சு” என்றாள் அவர் மனைவி துளசிமணி, அடுப்படியிலிருந்தபடியே.

வெயிலுக்குப் பசை இளகியிருக்கும் என்று நினைத்து அத்தியப்பன் நானூற்றுப் பன்னிரண்டையும் பழையபடி திருப்பி வைத்தார். மறுநாள் காலை அவை மறுபடியும் திரும்பியிருந்தன. மூன்றாம் நாள் அவர் கல்லைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் திசையைப் பார்த்தார். சேலத்து வெள்ளைக் கற்கள் இருபத்தாறும் சேலம் ரோட்டைப் பார்த்திருந்தன. நாசிக்கிலிருந்து ஒருவர் அனுப்பியவை கூட்டமாக வடமேற்கே பார்த்தன. கடல் தாண்டித் தபாலில் வந்தவை மேற்கே பார்த்துக் கொஞ்சம் தலையையும் தாழ்த்தியிருந்தன, பூமி உருண்டை ஆனதால் அவற்றின் ஊர் தரைக்குக் கீழேதான் இருந்தது. ஒவ்வொரு கல்லும் தன் சீட்டில் எழுதியிருந்த ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒன்றைத் தவிர. அந்த ஒன்றை எடுத்துக் கீழ்த்தட்டின் கடைசியில் தள்ளி வைத்துவிட்டுத்தான் அவர் மனைவியைக் கூப்பிட்டார்.

துளசிமணி ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு உள்ளே போய், கல்யாணத்தின்போது பிறந்த வீட்டிலிருந்து வந்த அம்மிக்கல்லின் ஓரத்தைத் தட்டி ஒரு சில்லைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதை ஒட்டி வைத்தார்கள். காலையில் அது அவள் பிறந்த பெருந்துறைப் பக்கம் பார்த்து நின்றது. துளசிமணி அந்த டப்பியைக் குளிர்பெட்டியின் மேல் வைத்துவிட்டு, அன்றைக்கு முழுக்க அதற்கு நேராக வந்தபோதெல்லாம் நடையைக் கொஞ்சம் மெதுவாக்கினாள்.

அவ்வளவுதான், விஷயம் ஊருக்குள் போய்விட்டது. ஒரு வாரத்தில் ஊஞ்சப்பாளையத்து மருமகள்கள் அத்தனை பேரும் அம்மா வீட்டு அம்மியை, ஆட்டுக்கல்லை, வாசற்படியைத் தட்டிச் சில்லு கொண்டுவந்து அத்தியப்பன் வீட்டு வராந்தாவில் வரிசையில் நின்றார்கள். அதற்காகவே பிறந்த வீடு போய் வந்தவர்களும் உண்டு, பத்து வருஷமாகப் போகாதவர்கள்கூட. மாமியார்கள் சும்மா இருப்பார்களா, அவர்களும் இந்த வீட்டுக் கல்லைத் தட்டிக் கொண்டுவந்தார்கள். உள்ளூர்க் கல் எங்கும் திரும்பாமல் குனிந்து தரையைப் பார்த்தது. பாரு எவ்வளவு அடக்கமா இருக்குதுன்னு என்று அவர்கள் அதையும் தங்களுக்குச் சாதகமாக்கிக்கொண்டார்கள்.

பாகத் தகராறில் இருபது வருஷம் பேசாமலிருந்த அண்ணன் தம்பி இருவர் எல்லைக் கல்லின் சில்லைக் கொண்டுவந்தார்கள். அது அண்ணன் காட்டையும் பார்க்கவில்லை, தம்பி காட்டையும் பார்க்கவில்லை, இரண்டுக்கும் அப்பால் இருந்த ஓடையைப் பார்த்தது. நட்டவன் ஓடையிலிருந்து எடுத்து வந்து நட்டிருக்கிறான், அது நின்ற இடத்துக்கும் யாருடைய பாகத்துக்கும் சம்பந்தமில்லை என்று தெரிந்ததும் இருவரும் சிரித்துவிட்டார்கள், பிறகு சண்டையைத் தொடர்ந்தார்கள், ஆனால் இப்போது பேசிக்கொண்டே சண்டை போட்டார்கள். மாரியம்மன் கோயில் பூசாரி, அம்மனின் பீடத்தில் தானாக உதிர்ந்த துணுக்கு ஒன்றை மஞ்சள் துணியில் முடிந்து வந்தார். அது, நோம்பித் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்று ஊஞ்சப்பாளையத்தோடு காலங்காலமாகச் சண்டை பிடிக்கிற பக்கத்து ஊரைப் பார்த்து நின்றது. ஊர்க்கூட்டம் போட்டார்கள். ஒரு முழுப் பகல் பேசி, கடைசியில் டப்பியை அதே மஞ்சள் துணியில் சுற்றி உண்டியலுக்குள் போட்டுவிடுவது என்று முடிவானது. அன்றிலிருந்து அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

எல்லாவற்றையும்விடப் பேர் வாங்கியது ராக்கியண்ணன் கல். அது பூமியில் எடுத்ததே இல்லை. ஈரோட்டு ஆஸ்பத்திரியில் அவருடைய கிட்னியிலிருந்து எடுத்தது. மனைவி மயிலாத்தாள் அதை எறியாமல் வைத்திருந்து டப்பி போட்டு வாங்கிப்போனாள். மற்ற கற்களின் ஊர் ஓரிடத்தில் நின்றது, இதன் ஊர் சைக்கிளில் சுற்றியது, அதனால் கல்லும் சுற்றியது. ராக்கியண்ணன் தோட்டத்துக்குப் போனால் தோட்டத்தைப் பார்த்தது, சந்தைக்குப் போனால் சந்தையைப் பார்த்தது, சீட்டாட உட்கார்ந்தால் மரத்தடியைப் பார்த்துக்கொண்டு மணிக்கணக்கில் அசையாமல் நின்றது. மயிலாத்தாளுக்கு அதன் பிறகு அவரைத் தேடி ஆள் அனுப்பும் வேலை இருக்கவில்லை. ஊரில் நாலைந்து பேர் வயிற்று வலி வந்தும் ஆஸ்பத்திரிக்குப் போக யோசித்தது அந்த வருஷத்தில்தான்.

ஐப்பசி முடிவதற்குள் ஊருக்கு இதெல்லாம் பழகிவிட்டது. கல்யாணச் சீரில் பித்தளைக் குடத்தோடு ஒரு டப்பியும் சேர்ந்துகொண்டது. பிறந்த வீட்டுக் கல் இல்லாமல் மகளை அனுப்பினால் சம்பந்தி வீட்டில் குறை சொன்னார்கள். அத்தியப்பன் ஒரு பெரிய மனுஷர் ஆகிவிட்டார், வராந்தாவில் நாற்காலிகள் போட வேண்டியதாயிற்று. அவர் ஒவ்வொரு நாளும் விடிந்ததும், யாரும் வருவதற்கு முன்னால், கீழ்த்தட்டின் கடைசியில் இருந்த அந்த ஒரு டப்பியை எடுத்து, கல்லை இடுக்கியால் வடக்கே திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். அது மத்தியானத்துக்குள் தென்கிழக்கே திரும்பிவிடும்.

அந்தக் கல்லைப் பற்றி முன்பே சொல்லியிருக்க வேண்டும். அத்தியப்பனைப் போலவே இந்தக் கதையும் அதைத் தள்ளிப்போட்டுவிட்டது.

இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால் கிணறு வெட்டுகிற திம்மையன், மோளப்பாளையத்தில் செங்கோடன் காட்டுக் கிணற்றின் அடிமட்டத்தில் வெடி வைத்தபோது தெறித்த ஒரு கல்லை, போஸ்ட்டு சாருக்கு இதெல்லாம் பிடிக்கும் என்று மடியில் கட்டிக்கொண்டு வந்து கொடுத்தார். அதில் பட்டாணி அளவு பொந்து. பொந்துக்குள் தேன் நிறத்தில் மயிரிழை மயிரிழையாக ஒரு குஞ்சம். அத்தியப்பன் அதிலிருந்து ஒரு துணுக்கைப் பெயர்த்துப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவருக்கு அனுப்ப, அவர் வாயில் நுழையாத ஒரு பெயரைச் சொல்லி, இது மிக அபூர்வம், எடுத்த இடத்தையும் எடுத்தவர் பெயரையும் உடனே தெரிவிக்கவும் என்று தந்தி மாதிரி எழுதினார். அத்தியப்பன் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தார். கிணற்றில் ஏற்கெனவே தண்ணீர் வந்து மூடிவிட்டது. உண்மையான இடத்தைச் சொன்னால் யாராவது வந்து கிணற்றை இறைத்துவிட்டு மிச்சத்தை அள்ளிக்கொண்டு போவார்கள் என்று ஒரு பயம். பொடிக்கல்காரர்கள் அபூர்வமான இடத்தை மறைப்பது உண்டுதான், அப்போது ‘இடம் பின்னர்’ என்று எழுதுவார்கள். அத்தியப்பன் அப்படி எழுதவில்லை. ஊருக்கு வடக்கே மொட்டைக் குன்றாக நின்ற வெள்ளைக்கரட்டின் பெயரை எழுதினார். அடுத்த வரியில், எடுத்தவர் என்ற இடத்தில், யாரும் தன் பெயரை எழுதுவது போல யோசிக்காமல் தன் பெயரை எழுதினார்.

பேராசிரியர் அதை அச்சில் போட்டார். அச்சைப் படித்துவிட்டு வெளியூரிலிருந்து ஒரு கம்பெனி வந்தது. வெள்ளைக்கரட்டைக் குத்தகைக்கு எடுத்து இரண்டு வருஷம் குடைந்தார்கள். அதில் கருங்கல்லைத் தவிர ஒன்றும் இல்லை என்பது உலகத்திலேயே ஒரு ஆளுக்குத்தான் தெரியும், அந்த ஆள் தினமும் அந்த வழியாகத்தான் பஸ் ஏறினார். வெடி வைக்க உள்ளூரில் கைதேர்ந்தவர் வேண்டுமென்று கம்பெனிக்காரர்கள், எதைத் தேடுகிறார்கள் என்று சொல்லாமலே, திம்மையனையே வேலைக்கு வைத்தார்கள். கூடவே அவர் தம்பி கங்கையனும் போனான். ஒருநாள் காலை வெடி நேரத்துக்கு முன்னால் வெடித்தது. கங்கையன் அங்கேயே போய்விட்டான். திம்மையனுக்கு இரண்டு கண்ணும் போயிற்று. திரியை அளவு குறைத்து வெட்டிவிட்டார் என்று எல்லோரும் சொன்னார்கள், திம்மையனும் எதிர்த்துப் பேசவில்லை. அதன்பிறகு கம்பெனியும் போய்விட்டது. கரடு இருந்த இடத்தில் பச்சைத் தண்ணீர் தேங்கிய ஒரு பள்ளம்தான் மிச்சம்.

அத்தியப்பன் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தார். ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனார். ஒவ்வொரு பொங்கலுக்கும் வேட்டி எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போதெல்லாம் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பார், ஒவ்வொரு தடவையும் கால் வாசலைத் தாண்டிய பிறகுதான் நினைத்தது நினைவுக்கு வரும். இப்படிப் பத்தொன்பது பொங்கல் போயிற்று. சொல்லாமல் விடுவதற்கும் பழகிக்கொள்ள முடிகிறது என்பதுதான் அவருக்கே அருவருப்பாக இருந்தது.

வராந்தாவில் கூட்டம் சேரச் சேர அந்தக் கல்லையும் பார்க்க ஆசைப்பட்டார்கள், அச்சில் வந்த கல்லாயிற்றே. ஒருநாள் மயிலாத்தாள்தான் முதலில் கேட்டாள். “ஏனுங் சார், சீட்டுல வெள்ளைக்கரடுன்னு போட்டிருக்கறீங்க. கரடு இக்கட்ட இருக்குது. இது அக்கட்ட மோளப்பாளையத்தப் பாத்து நிக்குதுங்களே.”

அத்தியப்பன் வாயைத் திறப்பதற்குள் பூசாரி பதில் சொல்லிவிட்டார். “சில மாடு இல்லீங்களா, இங்க நின்னுட்டு அங்க பாக்கறது. அந்த மாதிரி. இதுக்கு மாறுகண்ணு.”

எல்லோருக்கும் அது சரியாகப்பட்டது. போஸ்ட்டு சார் தப்பாக எழுதியிருப்பார் என்று ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை, கல்தான் தப்பாகப் பார்க்கிறது என்று முடிவு செய்து அதற்கு மாறுகண் கல் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். ஊர் தன்மேல் வைத்திருந்த மரியாதை இப்படி ஒரு பாரமாக ஆகும் என்று அத்தியப்பன் நினைத்ததில்லை. மறுநாளிலிருந்து அதை வடக்கே திருப்பி வைப்பதையும் விட்டுவிட்டார்.

தை மாதக் கடைசியில், துளசிமணி ஒரு வளைகாப்புக்குப் போயிருந்த மத்தியானம், டவுன் பஸ் வீட்டு வாசலிலேயே நின்றது. கண்டக்டர் கையைப் பிடித்து இறக்கிவிட, திம்மையன் இறங்கினார். அத்தியப்பன் எழுந்து போய் அழைத்து வந்தார். மேஜைக்கு இந்தப் பக்கம், கிழக்கே, தன் நாற்காலி. எதிர்ப்பக்கம், மேற்கே, ஸ்டூலில் திம்மையனை உட்கார வைத்தார். வடக்கே ஜன்னல்.

“பொங்கலுக்கே வரலாமுன்னு இருந்தனுங் சார். அதுக்குள்ள புருவம் வீங்கிப்போச்சுங்” என்றார் திம்மையன். “கண்ணு கேம்ப்பு டாக்டர் கீறிப் பாத்தா உள்ள ஒரு சில்லு. அன்னைக்கு ஏறுனதுங். இத்தன வருசமா உள்ளயே இருந்துட்டு இப்பத்தான் மேல வந்திருக்குது.” சட்டைப் பையிலிருந்து சுண்ணாம்பு டப்பி ஒன்றை எடுத்து நீட்டினார். உள்ளே பஞ்சு, பஞ்சுக்குள் எள் அளவில் ஒரு கருங்கல் துணுக்கு.

“இதை எதுக்கு திம்மையா?”

“நீங்க ஒட்டி வெச்சா அது எங்கிருந்து வந்துச்சோ அங்க பாக்குமாமுங். எம் மக சொல்லுச்சுங்.” அவர் மேஜை விளிம்பைத் தடவிப் பிடித்துக்கொண்டார். “பாத்துச் சொல்லுங் சார். நான் இப்படியே உக்காந்திருக்கறன்.”

அத்தியப்பன் இடுக்கியை எடுத்தார். பசை வைத்து, கல்லைத் தெற்கே கதவைப் பார்த்து ஒட்டினார். காய அரை மணியாகும் என்றார். இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். திம்மையன் உள்ளங்கைகளை முழங்காலில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, பரீட்சை முடிவைக் கேட்க வந்தவர் மாதிரி நேராக உட்கார்ந்திருந்தார். கால் மணி கழித்துக் கல் அசைந்தது. மைக்ராஸ்கோப்பில் அது ஒரு பெரிய மலை திரும்புவது போலத் தெரிந்தது. தெற்கிலிருந்து மெல்ல மேற்கே வந்தது. மேற்கே திம்மையன் இருந்தார். அங்கே கொஞ்சம் தயங்கி நின்றது. அது அங்கேயே நின்றுவிட வேண்டும் என்று அத்தியப்பன் ஒரு நொடி நினைத்தார், அப்படி நினைத்ததற்காகப் பிறகு எத்தனையோ நாள் தன்னையே வைதுகொண்டார். அது நிற்கவில்லை. அங்கிருந்து வடக்கே போனது, ஜன்னலுக்கு வெளியே கரடு இருந்த திசை. சரி, கரடுதான், கரடேதான் என்று அவர் பெருமூச்சு விட்டபோது கல் அதையும் தாண்டிக் கிழக்கே வந்து, அவரை நேருக்கு நேர் பார்த்து நின்றது.

அத்தியப்பன் சத்தமில்லாமல் எழுந்து ஜன்னலோரம் போனார். கல்லும் திரும்பியது. கதவுப் பக்கம் போனார். கல்லும் வந்தது.

“நின்னுருச்சுங்களா? எந்தப் பக்கம் பாக்குதுங் சார்?” என்றார் திம்மையன், காலடிச் சத்தம் கேட்ட பக்கமாக முகத்தைத் திருப்பி. பிறகு, “என்னப் பாக்குதுங்களா?” என்றார்.

“இல்லை” என்றார் அத்தியப்பன். அது உண்மை. அங்கேயே நிறுத்தியிருக்கலாம், இல்லாவிட்டால் இன்னும் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். “உன்னைப் பாக்கலை திம்மையா. வடக்க பாக்குது. கரட்டைப் பாத்து நின்னிருச்சு.”

திம்மையனின் மூடிப்போன கண்களிலிருந்து தண்ணீர் வந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. “திரிய நான்தானுங் வெட்டுனன். மொழம் போட்டு அளந்துதான் வெட்டுனன். எல்லாரும் நீ கொறச்சுட்டேன்னாங்க. நானும் கொறச்சிருப்பனோன்னு... தம்பி சம்சாரம் மூஞ்சியில முழிக்க எனக்குத்தான் கண்ணில்லியே, அத ஒரு வரமா நெனச்சனுங் சார். அப்ப எம்மேல தப்பு இல்லீங். அந்தக் கரடுதான் சண்டாளக் கரடு.” அவர் இரண்டு கையையும் நீட்டினார், அத்தியப்பனின் கை எங்கே இருக்கிறது என்று தெரியாததால் காற்றில் நீட்டியபடி இருந்தார். அத்தியப்பன் வந்து பிடித்துக்கொண்டார். இப்போது சொல்லியிருக்கலாம். இதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது. அவர் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான் செய்தார்.

“சீட்டு எழுதோணுமில்லீங்” என்று திம்மையனே நினைவுபடுத்தினார். “எழுதிப் படிச்சுக் காட்டுங். ஊட்டுக்குக் கொண்டுபோறன்.”

அத்தியப்பன் பேனாவை எடுத்தார். பெயர்: கருங்கல். இடம் என்று எழுதிவிட்டுக் கொஞ்சம் நின்றார், பிறகு கை தானாகவே எழுதியது. இடம்: அத்தியப்பன், ஊஞ்சப்பாளையம். எடுத்தவர்: திம்மையன். தேதி போட்டார். கை எழுதாத பொய்யை வாய் சொன்னது. “இடம், வெள்ளைக்கரடு” என்று படித்தார். “எடுத்தவர், திம்மையன்.”

“நல்லா எழுதியிருக்கறீங்” என்றார் திம்மையன்.

சீட்டை மாற்றியிருக்கலாம். வெற்றுச் சீட்டுகள் பக்கத்திலேயே இருந்தன, பார்க்கிறவரும் யாருமில்லை. அத்தியப்பன் மாற்றவில்லை. தன் வாயால் வராததை அந்த வீட்டில் படிக்கத் தெரிந்த யாராவது படித்துச் சொல்லட்டும் என்று நினைத்தார். அதில் கொஞ்சம் தைரியமும் இருந்தது, அதைவிட அதிகமாகக் கோழைத்தனமும் இருந்தது. டப்பியைத் திம்மையனின் சட்டைப் பையில் வைத்து, பொத்தானைப் போட்டு, பஸ் ஏற்றிவிட்டார்.

பிறகு தினமும் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாராவது வந்து சட்டையைப் பிடிக்க வேண்டும், வைய வேண்டும், ஊரைக் கூட்ட வேண்டும் என்று காத்திருந்தார். சில்லு கொண்டுவந்தவர்களை நாளைக்கு வாங்க என்று திருப்பி அனுப்பினார். உடம்புக்கு என்ன என்று துளசிமணி கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனாள்.

பதினோராம் நாள் காலை திம்மையனின் மகள் ருக்குமணி வந்தாள். முட்டைப் பண்ணையில் கணக்குப் பார்க்கிறவள். வேலைக்குப் போகிற வழியில், சாப்பாட்டுப் பையோடு வந்து படியேறி, டப்பியை மேஜைமேல் வைத்தாள். கல் சட்டென்று அத்தியப்பன் பக்கம் திரும்பியது. அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எப்போதும் சார் சார் என்று பேசுகிறவள், அன்றைக்கு அவள் வாயில் அது வரவில்லை.

“அன்னைக்கே படிச்சுட்டனுங். ஊட்டுல வெச்சா தெனமும் இந்த ஊர்ப் பக்கம்தான் பாக்குது. பேராசிரியரு போட்ட பொஸ்தகத்தையும் லைப்ரரில போயிப் பாத்தன். மோளப்பாளையத்துக் கல்லுக்குக் கரட்டுப் பேரு போட்டிருக்கறீங். அந்தக் கல்ல அப்பன் கொண்டாந்தப்ப நான் கூடத்தான் இருந்தன்.”

“ஆமாம் ருக்கு” என்றார் அத்தியப்பன். இருபத்தொரு வருஷம் கழித்து அது இவ்வளவு சுலபமாக வெளியே வந்தது. எழுந்தார், செருப்பைத் தேடினார். “இப்பவே வர்றேன். அவன்கிட்ட நானே சொல்லிடறேன்.”

“உக்காருங்” என்றாள் ருக்குமணி. “அதுக்கு வரல.”

அவர் உட்கார்ந்தார்.

“அப்பன் பதினோரு நாளா நல்லாத் தூங்குது. சித்தப்பன் போனதுக்கப்புறம் அது அப்பிடித் தூங்கி நான் பாத்ததில்லீங். நேத்து சித்தி ஊட்டுக்குத் தானே போயி உக்காந்து சோறு தின்னுட்டு வந்துச்சு. கரட்டு மேல ஆரும் கோவிச்சுக்க முடியாது பாருங், அதனால அதுக்கு மனசு ஆறிப்போச்சு. உங்க பேரச் சொன்னா கோவிச்சுக்கோணும். வருசா வருசம் வேட்டி எடுத்துக் கொடுத்த கையின்னு நெனச்சு நெனச்சு மறுக்கா முழிச்சுக் கெடக்கோணும்.” அவள் குரல் உயரவே இல்லை. “உங்க நிம்மதிக்கு எங்கப்பன் தூக்கத்தக் கேக்காதீங்.”

அத்தியப்பன் காலில் தட்டுப்பட்ட செருப்பை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டார்.

“பக்கத்து ஊட்டுக்காரங்க வந்து எடுத்துப் பாக்கறாங்க. ஆராச்சும் ஒரு நாளைக்குப் படிச்சுச் சொல்லிப்போடுவாங்க. சீட்ட மாத்திக் கொடுங். கல்லு எங்க பாத்தாலும் மாறுகண்ணுன்னு சொல்லிக்கலாம், அதுதான் ஊரே சொல்லுதே.”

அவர் புதுச் சீட்டை எடுத்தார். இருபத்தொரு வருஷத்தில் முதல் தடவையாகத் தன்னைப் பற்றிய நிஜத்தை ஒரு சீட்டில் எழுதியிருந்தார், அது பதினோரு நாள்தான் நின்றது. “இடம்?” என்று கேட்டார், தெரிந்துகொண்டே.

“வெள்ளைக்கரடு.”

எழுதினார். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அழுத்தி எழுதினார்.

“எடுத்தவர்?”

“எங்கப்பன் பேருதான். அத மட்டும் சரியாத்தான போட்டிருந்தீங்.”

திம்மையன் என்று எழுதினார். மை காய்வதற்குள் கண்ணீர் விழுந்துவிடக் கூடாது என்று முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டார். ருக்குமணி சீட்டை வாங்கி ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பார்த்துவிட்டு, பழையதை நகத்தால் உரித்து எடுத்தாள், புதியதை அவளே ஒட்டினாள். உரித்த சீட்டை வாங்கிக்கொள்ள அத்தியப்பன் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. நாலாக மடித்துப் பர்ஸில், அடையாள அட்டைக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

“இது எங்கட்டயே இருக்கட்டும். அப்பன் காலத்துக்கப்புறம் நானே கொண்டாந்து ஊருக்கு முன்னால படிக்கறன். அது வரைக்கும் நீங்க இருக்கோணும்” என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

அத்தியப்பனுக்கு அப்போது எழுபத்து மூன்று வயது. திம்மையன் அவரைவிட ஏழு வயது சின்னவர்.